அப்பாவுக்காகத் தேடிய தங்கவேலு

அப்பாவுக்கு இப்போது 85 வயது. இரண்டு வருஷமாக எதிரில் நிற்பவரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். முழு இருட்டு இல்லை. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் கலங்கிவிடும். என்னைப் பார்த்தால் தோடு மினுங்குவது தெரிகிறதாம், முகம் இருக்கிற இடத்தில் அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி இருக்கிறதாம்.

மும்பை செம்பூர் செட்டா நகரில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. பேப்பர் போயிற்று, டிவி போயிற்று, அம்மாவும் போய் மூன்று வருஷம் ஆயிற்று. நான் காலை எட்டு மணிக்கு ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்தால் வீடு திரும்ப ஏழு ஆகும். பகலில் அவருக்குத் துணையாக ஒரு மராட்டிப் பெண் வருகிறார், நாங்கள் தாயி என்று கூப்பிடுவோம். சாப்பாடு, மாத்திரை எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் அப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் ராத்திரி, "என்னப்பா வேணும், ஏதாவது கேக்கணும்னு இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "தங்கவேலு கேசட் எங்க இருக்கும்மா?" என்றார்.

பழைய சினிமா நகைச்சுவை நடிகர் தங்கவேலுவின் குரல் இருந்த அந்தக் கேசட் இப்போது இல்லை. 2005 ஜூலை 26 மழையில் போய்விட்டது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த அந்த மழையை மும்பைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் சயனில் தரைத்தளத்தில் இருந்தோம். இடுப்பளவு தண்ணீர். மறுநாள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அம்மா எடுத்துப் போட்ட கேசட்டுகளில் சேறும் தண்ணீருமாக வழிந்தது. கேசட் போனது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

அது கடையில் வாங்கிய கேசட் இல்லை. 1983 கோடை விடுமுறையில் சொந்த ஊரான பேரளத்துக்குப் போயிருந்தபோது, திருச்சி வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போட்டார்கள். முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவதைத்தான் ஒலிச்சித்திரம் என்பார்கள். அன்றைக்கு 'கல்யாண பரிசு'. அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்பளம் வாங்கி வாங்கிய, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னில் 60 நிமிஷக் கேசட்டைப் போட்டு அதைப் பதிவு செய்தார். அதற்கப்புறம் மும்பையில் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவையாவது அது ஓடும். எனக்கும் அக்காவுக்கும் பாடப் புத்தகத்தைவிட அது நன்றாக மனப்பாடம்.

தங்கவேலு என்றால் அப்பாவுக்கு ஊர்ப்பாசம் வேறு. தங்கவேலு 1917இல் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட பகுதி. பேரளத்திலிருந்து காரைக்கால் பதினைந்து மைல்கூட வராது. "நம்ம பக்கத்து ஊரு" என்று மாட்டுங்காவில் யாரிடமாவது சொல்லாமல் அப்பா இருந்ததில்லை. நாடகத்திலிருந்து வந்து, 1936இல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடத்தில் தலைகாட்டியவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். 1951இல் 'சிங்காரி' வந்த பிறகு 'டணால்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1994இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் வண்டியில் உட்கார இடம் கிடைத்ததும் போனில் தேட ஆரம்பித்தேன். குர்லா தாண்டுவதற்குள் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று.

முதல் சிக்கல் பெயர். ஆங்கில எழுத்தில் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், அந்த எழுத்தில் தேடினால் பாதிதான் வரும். தமிழில் 'டணால் தங்கவேலு' என்று மைக்கில் சொல்லித் தேடியபோதுதான் நிறைய வந்தது. கூட நடித்தவர்களின் பெயரில் தேடியது இன்னும் பலன் கொடுத்தது. டி.பி. முத்துலட்சுமி, டி.ஆர். ராமச்சந்திரன் என்று போட்டால், தங்கவேலு பெயரையே போடாத வீடியோக்கள் மேலே வந்தன. ஆனால் எம். சரோஜா பெயரைத் தேடினால் வரிசையாக சரோஜா தேவி வந்து நிற்பார். படப்பெயரையும் வருஷத்தையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. 'கல்யாண பரிசு' 1959, முத்துலட்சுமியோடு பூரி செய்யும் காட்சி வரும் 'அறிவாளி' 1963 என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டேன்.

கிடைத்ததில் பெரும்பாலும் ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷத் துண்டுகள். ஒன்றை ஆசையாக எடுத்துப்போய் அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் யாரோ கூட்டமாகச் சிரிக்கிற சத்தத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அப்பா இரண்டு நிமிஷம் கேட்டார். "யாரும்மா நடுவுல சத்தம் போடறது? நிறுத்தச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னதற்கப்புறம்தான் நானும் காதால் மட்டும் கேட்டுப் பார்த்தேன். தங்கவேலுவின் நகைச்சுவை வசனத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளி. 'கல்யாண பரிசு' படத்தில், தான் ஒரு எழுத்தாளர் என்று மனைவியிடம் அளக்கிற அந்த பைரவன் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அடுத்த பொய் கைக்குக் கிடைக்கும்வரை ஒரு இழுப்பு இழுப்பார். ஒரு செருமல், ஒரு 'ம்'. பொய் இன்னும் தயாராகவில்லை என்பது நமக்குத் தெரியும், அந்த மனைவிக்குத் தெரியாது. சிரிப்பு அங்கேதான் வருகிறது. அந்த இடத்தில் செயற்கைச் சிரிப்பை ஊற்றினால் அவர் செய்த வேலை மூடிப்போகிறது.

நாகேஷை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்திரபாபுவின் கால்களை யாரால் மறக்க முடியும்? ஆனால் கண் தெரியாத ஒருவருக்கு அவர்களில் பாதி போய்விடுகிறது. தங்கவேலு அப்படிப் போகவில்லை. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தலைமுறையின் குரல் அது. அவர் முகத்தையும் கையையும் பார்க்காமலேயே அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. பார்வை போன பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் எதைப் போடலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், குரலால் நடித்தவர்களைத் தேடிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

துண்டுகளை விட்டுவிட்டு முழுப் படம் தேடினேன். அந்தக் காலத்துப் படங்கள் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். ஒன்றே முக்கால் மணி நேரம் என்று காட்டினால் எதையோ வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம், அதில் முதலில் போவது நகைச்சுவைக் காட்சிதான். படத்தின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் போடுகிற பிரதிகள் பெரும்பாலும் முழுசாகவும், சத்தம் தெளிவாகவும் இருக்கின்றன. உரிமை இல்லாதவர்கள் போடுவது இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் காணாமல் போய்விடும். நான் சேர்த்துவைத்த பட்டியலில் இரண்டு அப்படித்தான் போயின.

சரி, முழுப் படம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, இயர்போனின் ஒரு முனையை அவர் வலது காதில் வைத்தேன். ஒர்க்‌ஷாப் இரைச்சலில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததில் இடது காது ரொம்ப மந்தம். படம் ஓடுகிறது, அப்பா, "ஒண்ணும் கேக்கலை" என்கிறார். சத்தத்தைக் கூட்டினேன். "ஒண்ணுமே கேக்கலைம்மா." வலது காதும் போய்விட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் காதிலிருந்து எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன், சுத்தமாகச் சத்தமே இல்லை. இன்னொரு முனையை வைத்தால் தங்கவேலு பேசிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பிரதியில் ஒலி முழுவதும் இடது பக்கத்தில் மட்டும் ஏறியிருந்தது. பழைய நாடாவிலிருந்து மாற்றும்போது ஒரு பக்கக் கம்பியை மட்டும் செருகியிருப்பார்கள். போன் செட்டிங்கில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வரும். ஒரு காது மந்தமானவர்கள் எதைக் கேட்பதாக இருந்தாலும் இதைப் போட்டுவைப்பது நல்லது. புதுப் பாட்டிலும் ஒரு பக்கம் வீணை, ஒரு பக்கம் குரல் என்று பிரித்திருப்பார்கள், அவர்களுக்குப் பாதிப் பாட்டுதான் போய்ச் சேரும்.

அப்புறம் இயர்போனையும் விட்டுவிட்டோம், காது வலிக்கிறது என்றார். ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன், முதலில் வாங்கியது தப்பு. கடைக்காரர் பெருமையாகக் காட்டிய, தும்தும் என்று அடிக்கிற ரகம். பழைய படத்தின் ஒலியில் அடித்தொனி ரொம்பக் குறைவு, அதில் போட்டால் பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பழைய டிரான்சிஸ்டர் அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி, சத்தத்தைக் கூட்டாமல், அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். எங்கள் ஜன்னல் ஹைவே பக்கம். சத்தத்தைக் கூட்டுவதைவிட ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தது நன்றாக வேலை செய்தது.

இதெல்லாம் சரியான பிறகும் அப்பாவின் முகத்தில் ஏதோ குறை இருந்தது. மனப்பாடமான வசனங்களைக் கூடவே முணுமுணுப்பார், நடுவில் நிறுத்திவிடுவார். மறுபடி தொடங்குவார், மறுபடி நிறுத்துவார். மூன்றாவது நாள் சொன்னார்: "இவன் அவசரப்படறாம்மா. நான் சொல்றதுக்குள்ள சொல்லிடறான். குரலும் கொஞ்சம் சின்னப் பையன் குரலா இருக்கு."

வயசாகிவிட்டது, நாக்கு மெதுவாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேனே, அதுவரைக்கும் நல்லது. அந்தேரியில் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை செய்யும் அக்கா மகன் அந்த வாரம் வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். "தாத்தா சொல்றது சரி சித்தி" என்றான்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம், ஓடுகிறது. நம் நாட்டு டிவி, விசிடி, டிவிடி எல்லாம் விநாடிக்கு 25 கணக்கு. பழைய படத்தை அதற்கு மாற்றும்போது பெரும்பாலும் அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடிவிடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும், சுருதியும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். டிவிடியிலிருந்து எடுத்துப் போட்ட பிரதிகள் அந்த வேகத்தோடுதான் இணையத்துக்கு வந்திருக்கின்றன. இதில் சிலர் உரிமைப் பிரச்சினையில் மாட்டாமல் இருக்க வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டியும் போடுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கேசட்டின் நடை அப்பாவின் காதில் அப்படியே இருந்திருக்கிறது. நூற்றில் நாலு பங்கு வித்தியாசத்தை, எந்தக் கருவியும் இல்லாமல், அவர் கண்டுபிடித்துவிட்டார்.

யூடியூபில் வேகத்தை 0.95 என்று வைத்துக்கொள்ளலாம். வைத்தோம். அப்பாவும் தங்கவேலுவும் ஒன்றாகப் பேசினார்கள். குரலின் கனம் மட்டும் திரும்பி வரவில்லை, அந்த வசதி வேகத்தைக் குறைக்குமே தவிர சுருதியை இறக்காது. ஆனால் அந்த இடைவெளிகள் திரும்பி வந்தன. அப்பாவுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

நான் ஆபீசில் இருக்கும்போது அவர் தானாகப் போட்டுக் கேட்க வேண்டுமே. தொடுதிரை அவருக்கு உதவாது. ஸ்பீக்கரில் ஐந்து பொத்தான், எல்லாம் தடவிப் பார்த்தால் ஒரே மாதிரி. அம்மாவின் கண்ணாடி மேஜை இழுப்பறையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. பெரிய மெரூன் பொட்டு, நடுவில் கல் வைத்தது. ஒன்றை உரித்து, ஓட்டவும் நிறுத்தவும் இருக்கிற பொத்தானில் ஒட்டினேன். அவர் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். கல்லைத் தடவினார். என்ன என்று கேட்கவில்லை. "ம்" என்றார்.

காலையில் நான் கிளம்பும்போது போனை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் அல்லவா, அதனால் வீட்டில் கிடந்த பழைய போனை இதற்கென்றே வைத்துவிட்டேன். அதில் படங்களை ஆப்பிலேயே முன்கூட்டி இறக்கி வைக்கிறேன், நெட்வொர்க் போனாலும் நிற்காது. தானாக அடுத்ததுக்குப் போகிற ஆட்டோபிளேயை அணைத்தேன். ஒருநாள் படம் முடிந்ததும் ஏதோ ஒரு கூச்சல் வீடியோ தானாக ஓடி, தூங்கிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்துவிட்டார். விளம்பரத்துக்கும் அப்படித்தான் திடுக்கிடுவார், அதனால் மாதச் சந்தா கட்டிவிட்டேன். எந்தக் காட்சி எந்த நிமிஷத்தில் வருகிறது என்பதை டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். "அந்த ஆபீஸ் இடம்" என்று அவர் கேட்டால் தாயி எண்ணைப் பார்த்து நகர்த்திக் கொடுத்துவிடுகிறார். சுட்டியை மட்டும் சேமித்தால் போதாது, படப்பெயர், காட்சி, நிமிஷம் மூன்றையும் கையால் எழுதி வையுங்கள். வீடியோ காணாமல் போனாலும் வேறு பிரதியில் தேடிப் பிடித்துவிடலாம்.

தாயிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சாத்தாரா பக்கத்துக்காரர். ஆனால் அந்த இழுப்பு வரும்போது அவரும் சிரிக்கிறார். இந்த ஆள் பொய் சொல்கிறார் இல்லையா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

அப்பா இப்போது பேசுகிறார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்குக் கேட்டதைப் பற்றிச் சொல்கிறார். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் வரிசையில் நின்றது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடும்போது என்றைக்காவது தமிழ் வராதா என்று அம்மா காத்திருந்தது, படத்தில் தங்கவேலுவுக்கு மனைவியாக வந்த சரோஜா நிஜத்திலும் அவருக்கு மனைவி என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோடோ பந்தயம் கட்டி ஜெயித்தது. பாதி எனக்குத் தெரியாத கதைகள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வேகம் 0.95. அப்பா உதட்டை அசைத்தபடி கூடவே வந்தார். ஒரு இடத்தில் சரோஜா ஒரு பதில் சொல்கிறார், ஏழெட்டு வார்த்தைதான் இருக்கும். அதை நான் என் வாழ்நாளில் கேட்டதே இல்லை. இவ்வளவு மனப்பாடமான காட்சியில் எப்படி இது தெரியாமல் போயிற்று என்று யோசிப்பதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் கேசட்டில் அந்த இடத்தில் அப்பாயி குரல் விழுந்திருக்கும். பேரளத்து வீட்டுத் திண்ணையில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கொல்லையிலிருந்து அவர் போட்ட கூப்பாடு. இருபத்திரண்டு வருஷமும் சரோஜாவின் பதிலை அதுதான் மூடி வைத்திருந்தது.

அப்பா பொட்டைத் தடவி ஸ்பீக்கரை நிறுத்தினார்.

"இங்க அம்மா பேசுவாங்க" என்றார். அப்புறம் கழுத்தை நிமிர்த்தி, அப்பாயி குரலிலேயே, சத்தமாக, "டேய், கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சுடா!" என்றார். சமையலறையிலிருந்து தாயி ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அப்பா மறுபடி பொட்டை அழுத்தினார். தங்கவேலு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.